எத்திசையினின்றும் வரும் பகை: ஷாங்காய் நகரக் காவலர் கற்ற கைத்துப்பாக்கிப் பயிற்சி

துப்பாக்கி சுடும் பயிற்சிக் களங்கள் உலகமெங்கும் ஏறத்தாழ ஒரே அமைப்பின. ஒருபுறம் உயர்ந்த மண்மேடு. அதன் முன்னே வட்டம் வரைந்த இலக்குத் தாள்கள். எதிர்ப்புறம் தரையில் ஒரு கோடு. அக்கோட்டின்மேல் வரிசையாக நின்று சுடுவோர். எல்லாத் துப்பாக்கிகளின் வாயும் மண்மேட்டையே நோக்கியிருத்தல் வேண்டும். ஒருவர் சற்றே உடலைத் திருப்பினாலும் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கு இடர். ஆதலின் திரும்பாமையே அக்களத்தின் முதல் விதி. அவ்விதி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயின், அவ்விதிக்குள் ஆண்டுக்கணக்கிற் பழகிய காவலன் ஒருவன் நகரத்துச் சந்துக்குள் நுழையும்போது, பகைவன் எப்போதும் தன் நேர்முன்னே, தெரிந்த தொலைவில், அசையாது நிற்பான் என்னும் பழக்கத்தையும் கூடவே எடுத்துச் செல்கிறான். சந்தில் பகைவன் அவ்வாறு நிற்பதில்லை.

இம்முரண்பாட்டைத் தெளிவாகக் கண்டு, ஒரு முழுக் காவற்படைக்கும் அதற்கேற்ற பயிற்சியை வகுத்த நகரம் ஷாங்காய். காலம், முதல் உலகப்போருக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகள். இன்று பல நாடுகளின் காவலரும் படைவீரரும் கற்கும் அண்மைத்தொலைவுக் கைத்துப்பாக்கிப் பயிற்சியின் வேர்களுள் ஒன்று அங்கே ஊன்றியது. அதன் பெருமையையும் அதன் குறையையும் ஒருங்கே அறிய அந்நகரின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையால் அயல்நாட்டு வாணிகத்திற்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகங்களுள் ஷாங்காயும் ஒன்று. வாங்பூ ஆற்றங்கரையில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தனித்தனியே பெற்றிருந்த குடியிருப்புகள் 1863இல் ஒன்றாக இணைந்தன. அதுவே அனைத்துநாட்டுக் குடியிருப்பு எனப் பெயர் பெற்றது. அதன் தெற்கே பிரெஞ்சுக்காரர் தமக்கெனத் தனிக் குடியிருப்பும் தனிக் காவற்படையும் வைத்திருந்தனர். இவ்விரண்டையும் சூழ்ந்து கிடந்தது சீன ஆட்சிக்குட்பட்ட நகரம். ஆக, ஒரே ஊரில் மூன்று ஆட்சிகள், மூன்று சட்டங்கள், மூன்று காவற்படைகள். ஓரிடத்தில் கொள்ளையடித்தவன் ஒரு தெருவைக் கடந்துவிட்டால் வேறோர் ஆட்சிக்குள் புகுந்துவிடுவான். துரத்திவந்த காவலன் தெருவோரத்தில் நின்றுவிட வேண்டியதுதான். கள்வர்க்கு இதைவிட வாய்ப்பான ஊர் வேறு இருந்திருக்குமா என்பது ஐயமே.

1911ஆம் ஆண்டுப் புரட்சியில் மஞ்சு அரசு வீழ்ந்தபின், சிறப்பாக 1916க்குப் பின், சீன நாடு படைத்தலைவர் பலரிடையே கூறுபட்டது. தோற்ற படைகளின் வீரரும் அவர்தம் துப்பாக்கிகளும் ஷாங்காயை வந்தடைந்தனர். ஆள்கடத்தலும் ஆயுதக் கொள்ளையும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழ்ந்த அக்குடியிருப்பில், பெருந்தெருக்களின் பின்னே சந்து சந்தாக வீடுகள். ஒரு சந்தின் இருமருங்கும் வரிசையாகக் கதவுகள்; கதவைத் திறந்தால் இருண்ட சிறு முற்றம்; அதையடுத்து ஒருவர் பின் ஒருவராகவே ஏறக்கூடிய செங்குத்தான மரப்படி. இத்தகைய வீட்டினுள் ஆயுதம் ஏந்தியவனைத் தேடிச் செல்லும் காவலனுக்கு முன்புறம் என்றும் பின்புறம் என்றும் ஒன்றில்லை. எந்தக் கதவும் பகைவன் கதவாகலாம். மேற்படியிலிருந்தும் குண்டு வரலாம். கடந்து வந்த முற்றத்திலிருந்தும் வரலாம்.

அக்குடியிருப்பின் காவற்படை 1854இல் தோன்றியது. வெள்ளையர், சீக்கியர், சீனர் எனப் பல இனத்தார் அதில் பணிபுரிந்தனர். சிங்கப்பூரில் 1881இல் சீக்கியர் காவற்பிரிவு அமைந்ததை அறிந்த வாசகர்க்கு, அதே பத்தாண்டுக்குள் ஷாங்காயிலும் சீக்கியர் காவற்பணிக்கு அழைக்கப்பட்டமை வியப்பளிக்காது. அப்படையில் 1907ஆம் ஆண்டு சேர்ந்தவர் வில்லியம் ஈவர்ட் பேர்பேர்ன் என்னும் ஆங்கிலேயர். 1885இல் பிறந்தவர், அதற்குமுன் ஆங்கிலக் கடற்படையின் தரைவீரராகக் கொரிய நாட்டுத் தலைநகரில் காவல் புரிந்தவர். பணியேற்ற தொடக்க ஆண்டுகளிலேயே சந்தொன்றில் ஒரு கூட்டத்தாரிடம் சிக்கி, உயிர் ஊசலாடும் அளவுக்கு அடிபட்டார். தேறி எழுந்தவர் ஜப்பானிய மற்போர்க் கலையை முயன்று கற்று, டோக்கியோவின் கோடோக்கான் பள்ளியில் கருப்புக் கச்சையும் பெற்றார். பின்னர்ப் படையின் பயிற்சிப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. அவருக்குத் துணைநின்றவர் எரிக் அந்தோணி சைக்ஸ். துப்பாக்கி வாணிகத்தில் ஈடுபட்டிருந்தவர், காவற்படையின் துணைப்பிரிவில் சேர்ந்து குறிசுடுவோர் அணியை நடத்தியவர்.

இருவரும் முதலில் செய்தது, நடந்து முடிந்த மோதல்களை ஆராய்ந்ததே. காவலர் சுடப்பட்ட இடங்களுக்குச் சென்று தொலைவை அளந்தனர். வெளிச்சம் எவ்வளவு இருந்தது, யார் எங்கே நின்றார், எத்தனை குண்டு எங்கே பாய்ந்தது எனக் கேட்டறிந்தனர். ஆராய்ச்சியின் முடிவு, பயிற்சிக் களத்தின் நூலறிவைத் தலைகீழாகப் புரட்டியது. பெரும்பாலான மோதல்கள் நான்கு கெசத்திற்கு உட்பட்ட தொலைவிலேயே நிகழ்ந்திருந்தன. பல நள்ளிரவில், சில முழு இருளில். முதற்குண்டைச் சுடக் கிடைக்கும் நேரமோ ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கு. அந்நேரத்தில் துப்பாக்கியின் முனையிலுள்ள குறிமுள்ளைக் கண்ணுக்கு நேரே கொணர்ந்து, மூச்சடக்கி, மெல்ல விசையை அழுத்துதல் எங்ஙனம் இயலும்?

அன்றுவரை கற்பிக்கப்பட்ட நிலை, பழங்காலத்து இருவர் வாதுப் போரிலிருந்து வந்தது. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையை முழுதும் நீட்டி, மறு கையை இடுப்பில் ஊன்றிச் சுடுவது அது. பகைவனுக்கு உடலின் குறுகிய பக்கத்தைக் காட்டுவது நோக்கம். வாதுப் போரில் பகைவன் ஒருவனே; அவன் நிற்கும் இடம் முன்னரே அளந்து குறிக்கப்பட்டது; சுடுமாறு குரல் கொடுக்க நடுவர் உண்டு. அந்நிலை தாள் இலக்குக்கும் பொருந்தியது. ஷாங்காய்ச் சந்துக்குப் பொருந்தவில்லை. நெஞ்சும் தோளும் ஒரு திசையில் பூட்டப்பட்டு நிற்பவன், முதுகுப்புறத்துக் கதவு திறந்தால் என் செய்வான்?

பேர்பேர்ன் கண்ட மற்றொன்று மேலும் நுட்பமானது. இடர் நேர்ந்த நொடியில், எத்துணைப் பயிற்சி பெற்றவனும் கற்ற நிலையில் நிற்பதில்லை. முழங்கால் மடங்கும், உடல் முன்சாயும், தலை தோளுக்குள் அமிழும், கை துப்பாக்கியை இறுகப் பற்றும், கண் பகைவனைவிட்டு அகலாது. இதனைக் கோழைத்தனம் என்று கடிந்து திருத்த முனைவதே அந்நாள் ஆசிரியர் வழக்கம். பேர்பேர்னோ, உடல் தானாகக் கொள்ளும் அந்நிலையையே பயிற்சியின் அடித்தளமாக்கினார். மாணவர் இயல்பைத் தள்ளிவிடாது அதன்மேலேயே பாடத்தைக் கட்டுவது எக்கலை கற்பிப்போர்க்கும் தெரிந்த முறைதான். ஆயுதப் பயிற்சியில் அதைத் துணிந்து செய்தார் என்பதே சிறப்பு.

அவர் கற்பித்த முறை இது. காவலன் பகைவனை நேர்கொண்டு நிற்பான். பாதங்கள் இயல்பாக அகன்றிருக்கும். உடல் சற்றே குனிந்திருக்கும். துப்பாக்கி ஏந்திய கை உடலின் நடுக்கோட்டிற்கு நேரே கீழ்நோக்கி இருக்கும். அதற்காக மணிக்கட்டு சற்றே வெளிப்புறம் வளைந்திருக்கும். இலக்கைக் கண்டதும் கையை அந்நடுக்கோட்டின் வழியே மேலே உயர்த்தி, முழுக் கையையும் ஒருசேர இறுக்கிச் சுடுதல் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இரு குண்டுகள்; ஒன்றோடு நிற்பதில்லை. குறிமுள்ளைப் பார்ப்பதில்லை, பகைவனையே பார்ப்பது. ஒரு பொருளைச் சுட்டிக்காட்ட விரல் நீட்டுவோன் விரல்நுனியைப் பார்த்துக் குறிவைப்பதில்லை அன்றோ? அதே இயல்பை அவர் துப்பாக்கிக்கு ஏற்றினார்.

பக்கத்தில் பகைவன் தோன்றினால் செய்ய வேண்டியது யாது என்பதே இம்முறையின் உயிர்நிலை. வலப்புறம் ஒருவன் தோன்றுகிறான். கையை மட்டும் வலப்புறம் வீசிச் சுடுவது எவர்க்கும் எளிதாகத் தோன்றும். பேர்பேர்ன் அதனை விலக்கினார். கை தனியே வீசும்போது தோள் ஓரளவு திரும்பும்; முழங்கை ஓரளவு; மணிக்கட்டு ஓரளவு. மூன்று கணுக்களின் பிழையும் சேர்ந்து குண்டை இலக்குக்கு அப்பால் தள்ளிவிடும். வீசிய கை விசையோடு சென்று, நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது கடந்தும் போகும். ஆகவே கை நடுக்கோட்டைவிட்டு விலகலாகாது. திரும்ப வேண்டியது உடல். இடுப்பும், தேவையானால் பாதமும் திரும்பி, நெஞ்சு பகைவனுக்கு நேரே வந்தால், துப்பாக்கி தானே நேராகிவிடும். இடப்புறத்திற்கும் இதுவே, பின்புறத்திற்கும் இதுவே. எத்திசையில் இலக்குத் தோன்றினும் அதனை நேர்முன் இலக்காக்கிக்கொள்வது என்று இதனைச் சுருக்கலாம். நடுக்கோட்டிற்கு அவர் அத்துணை இன்றியமையாமை கொடுத்ததன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. நேரே சுடுவதற்கு ஒரு பாடம், பக்கம் சுடுவதற்கு வேறொரு பாடம் என மாணவன் இரண்டு கற்க வேண்டியதில்லை.

தொலைவில் நிற்கும் பகைவனுக்குக் குறிமுள் பார்த்து இரு கைகளாலும் பற்றிச் சுடும் முறையும் கற்பிக்கப்பட்டது. அவர் குறிபார்த்தலையே வெறுத்தார் எனப் பிற்காலத்தார் சிலர் எழுதியது சரியன்று.

துப்பாக்கியிலும் மாற்றம் வேண்டியிருந்தது. சீனக் காவலர்க்குக் கைக்கு அடக்கமான கோல்ட் தானியங்கிக் கைத்துப்பாக்கி வழங்கப்பட்டது. தவறிச் சுடாமல் தடுக்கும் கொக்கி ஒன்று அதில் உண்டு. இடர் நேரத்தில் அக்கொக்கியை விலக்க மறந்து, சுடாத துப்பாக்கியை நீட்டி நின்றவன் கதி சொல்ல வேண்டியதில்லை. எனவே அக்கொக்கியைச் செயலற்றதாக்கி முளையடித்துவிட்டனர். அதற்கு ஈடாகக் குழலின் அடியறையில் தோட்டா இல்லாமலே துப்பாக்கியை எடுத்துச் செல்வது விதியாயிற்று. உறையிலிருந்து உருவியதும் மேற்புறத்து எஃகுத் தகட்டை இழுத்துவிட்டால் தோட்டா அறைக்குள் ஏறும். பின் விசை ஒன்றே வேலை. நினைவில் வைக்க வேண்டியவற்றைக் குறைத்தால் மறதியும் குறையும் என்பது அவர் கருத்து.

தாளில் வரைந்த வட்டங்களையும் அவர் ஒதுக்கினார். ஆளுயர உருவமே இலக்கு; அதில் எங்கே பட்டாலும் பட்டதே. அடிப்படைப் பாடம் முடிந்தபின் மாணவனை ஒரு வீட்டுக்குள் அனுப்புவர். உள்ளே என்ன இருக்கிறதென்று அவனிடம் எவரும் கூறார். அதற்குமுன் அவனை ஓடவைத்து இளைக்கச் செய்வதும் உண்டு. குறுகிய வழி, மங்கிய விளக்கு, காலடியில் நிலைகொள்ளாத பலகை, எதிர்பாராத ஓசை. ஒரு மூலையில் உருவம் ஒன்று எழுந்து மறையும்; படியின்மேல் மற்றொன்று; கடந்துவந்த பக்கத்தில் இன்னொன்று. சுவர்களே குண்டைத் தாங்குமாறு அமைந்திருந்தமையால், களத்தின் முதல் விதியாகிய திரும்பாமை இங்கே தளர்ந்தது. திறந்த வெளியில் கற்பிக்க இயலாத பாடத்தைக் கற்பிக்க வீடு ஒன்றைக் கட்ட வேண்டியதாயிற்று. நல்ல குறிகாரர் எனப் பெயர் பெற்றோரும் முதன்முறை அவ்வீட்டினுள் தடுமாறியதில் வியப்பில்லை.

பயன் என்ன? பேர்பேர்னும் சைக்ஸும் 1942ஆம் ஆண்டு தம் முறையை நூலாக வெளியிட்டபோது அதனை எண்களால் காட்டினர். பன்னிரண்டரை ஆண்டுகளில் ஆயுதம் ஏந்திய குற்றவாளிகளோடு 666 மோதல்கள். காவலருள் 42 பேர் இறந்தனர்; 100 பேர் காயமுற்றனர். குற்றவாளிகளுள் 260 பேர் இறந்தனர். 193 பேர் காயமுற்றனர். இக்கணக்கு பயிற்சியின் வெற்றிக்குச் சான்றாகவே எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயினும் இது பயிற்சி அளித்தவரே தந்த கணக்கு என்பதை மறத்தலாகாது. இன்னும் ஒன்று: இதில் இரண்டே வரிசைகள் உள்ளன, காவலர், குற்றவாளிகள். சந்தில் நடந்து சென்றவர், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர், படிக்கட்டில் உறங்கிய பிள்ளை இவர்களுக்கென மூன்றாவது வரிசை ஒன்றில்லை. நெருக்கமான நகரத்தில், மங்கிய வெளிச்சத்தில், நொடிப்பொழுதில் சுட்ட குண்டுகளுள் எத்தனை அத்தகையோரைத் தொட்டன என்பதை அக்கணக்கு கூறாது.

அந்த மூன்றாவது வரிசையை ஷாங்காய் வேறொரு வகையில் எண்ண நேர்ந்தது. 1925ஆம் ஆண்டு மே மாதம், ஜப்பானியர் பஞ்சாலையொன்றில் சீனத் தொழிலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 30ஆம் நாள் மாணவரும் பொதுமக்களும் நான்கிங் பெருந்தெருவில் திரண்டனர். மாணவர் சிலர் பிடிக்கப்பட்டு லௌசா காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட, கூட்டம் நிலையத்தின் வாயிலை நெருக்கியது. காவல் ஆய்வாளர் ஓர் எச்சரிக்கை விடுத்து, சில நொடிகளில் சுடுமாறு ஆணையிட்டார். சீக்கியக் காவலரும் சீனக் காவலரும் சுட்டனர். ஒன்பதுக்குக் குறையாதோர் இறந்தனர், பலர் காயமுற்றனர். சீன நாடெங்கும் கிளர்ச்சி பரவியது. அயலார் ஆட்சிக்கு எதிரான எழுச்சியில் அந்நாள் ஒரு திருப்பமாயிற்று. ஆய்வாளரும் காவற்படை ஆணையரும் பதவியிழந்தனர்.

இந்நிகழ்ச்சி கைத்துப்பாக்கிப் பயிற்சியின் விளைவன்று. அங்கே நிகழ்ந்தது அணிவகுத்து நின்று சுட்டது. ஆனால் இரண்டையும் இணைக்கும் இழை ஒன்றுண்டு. எதிரே நிற்பவன் பகைவனா அல்லனா என்று தேறுவதற்கு எத்தனை நொடி வேண்டும்? அந்தத் தேர்வை யார் கற்பிக்கிறார்? அயலார் நடத்திய நகராட்சி அது. 1928வரை அதன் மன்றத்தில் சீனர் ஒருவர்க்கும் இடமில்லை. அத்தகைய ஆட்சியின் காவலன் கண்ணில் கூட்டம் முழுவதுமே பகையாகத் தோன்றியிருத்தல் கூடும். அதன்பின் கலகங்களை அடக்கத் தனிப்பிரிவு ஒன்று அமைக்கும் பணியும் பேர்பேர்னிடமே வந்தது. கூட்டத்தைத் துப்பாக்கியின்றிக் கலைப்பதற்கான முறைகளை அவர் வகுத்தமை, விரைந்து சுடக் கற்பித்த அவரே அதன் எல்லையையும் உணர்ந்தார் என்பதைக் காட்டுகிறது.

1940இல் பேர்பேர்னும் சைக்ஸும் இங்கிலாந்து திரும்பினர். ஜெர்மானியர் படையெடுப்பை எதிர்நோக்கியிருந்த காலம். ஸ்காட்லாந்தின் மலைப்புறத்தில் அதிரடிப் படைவீரர்க்கு அவர்கள் ஷாங்காய் முறையைக் கற்பித்தனர். 1942இல் பேர்பேர்ன் கடல்கடந்து கனடாவுக்கும், பின் அமெரிக்காவுக்கும் சென்றார். மேரிலாந்து மாநிலத்துக் கட்டோக்டின் மலைக்காட்டில் அமெரிக்க ஒற்றர் படைக்கென அவர் பயிற்சி வீடு ஒன்றை அமைத்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மலைவாழிடம் அதற்கு அருகிலேயே உள்ளது என்பது ஒரு வேடிக்கை. அவரிடம் பயின்ற ரெக்ஸ் ஆப்பிள்கேட் என்னும் படை அதிகாரி 1943இல் தாமும் ஒரு நூல் எழுதி அம்முறையைப் பரப்பினார். சைக்ஸ் 1945இலும் பேர்பேர்ன் 1960இலும் மறைந்தனர். ஷாங்காயின் அனைத்துநாட்டுக் குடியிருப்போ 1943இலேயே முடிவுற்றிருந்தது.

போர் முடிந்ததும் காவலர் பலர் மீண்டும் மண்மேட்டையும் வட்டத் தாளையுமே நாடினர். அது மலிவு, மதிப்பெண் இடவும் எளிது. அதன் விலை கலிபோர்னியா மாநிலத்து நியூஹால் என்னுமிடத்தில் தெரிந்தது. 1970 ஏப்ரல் 5ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, நெடுஞ்சாலைக் காவலர் இருவர், இருவர் ஏறிவந்த கார் ஒன்றை நிறுத்தினர். ஒரு காவலர் காரின் வலப்பக்கம் சென்றார். மற்றவர் ஓட்டிவந்தவனை இறக்கிச் சோதிக்கலானார். வலப்பக்கத்துக் கதவைத் திறந்து வெளிப்பட்டவன் முதற்காவலரைச் சுட்டான். இரண்டாமவர் அத்திசை திரும்பி அவனை நோக்கிச் சுட்டார். அப்போது அவர் சோதித்துக்கொண்டிருந்தவன் மறுதிசையிலிருந்து அவரைச் சுட்டு வீழ்த்தினான். உதவிக்கு வந்த வேறிருவரும் சில நிமிடங்களில் உயிர் துறந்தனர். நால்வரும் 25 வயதுக்குட்பட்ட இளைஞர். இரண்டாம் காவலர் திரும்பியதில் பிழையில்லை. திரும்பியபோது விட்டுவந்த திசையிலும் பகை இருந்தது. ஷாங்காய் முறையும் இதற்கு முழு விடை தருவதன்று. அது எத்திசைக்கும் திரும்பக் கற்பித்தது. ஒரே நேரத்தில் இரு திசையில் நிற்போருக்கு நடுவே அகப்படாமல் விலகி நிற்பது வேறொரு பாடம். நியூஹாலுக்குப் பின்னரே காரை நிறுத்திச் சோதிக்கும் முறைகள் அமெரிக்கக் காவற்படைகளில் ஆழ்ந்து மறு ஆய்வுக்கு உள்ளாயின.

இன்றைய பயிற்சியில் திரும்புதலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தலை திரும்பும், கண் காணும், பின் உடல் திரும்பும், அதன் பின்னரே துப்பாக்கி உறையைவிட்டு வெளிவரும், அல்லது தாழ்ந்திருந்த வாய் மேலெழும். முதலில் துப்பாக்கியை உருவிக்கொண்டு திரும்பினால் அதன் வாய் இடையில் நிற்போர் அனைவர்மீதும் ஒருமுறை உலவிவிடும். ஒரு பகைவன் வீழ்ந்ததும் அங்கேயே கண்ணை நிறுத்தாது இருபுறமும் பின்புறமும் பார்ப்பதும் பாடத்தின் பகுதியே. அச்சம் மிகும்போது பார்வை ஒரு புள்ளியில் குவிந்து பக்கத்தில் நிகழ்வது தெரியாமற் போகும். அவ்விறுக்கத்தைத் தளர்த்த வேண்டுமென்றே கழுத்தைத் திருப்பப் பழக்குகின்றனர். குண்டுக்குப் பதிலாக வண்ணம் பூசும் தோட்டாக்கள் வந்தபின், மரப்பலகை உருவங்களுக்கு மாற்றாக மனிதரையே பயிற்சியில் நிறுத்த முடிந்தது.

அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறை 1987இல் வர்ஜீனியா மாநிலத்துக் குவான்டிகோவில் பயிற்சிக்கென ஒரு சிறு நகரையே கட்டியது. வங்கி, அஞ்சலகம், உணவு விடுதி, தெரு எல்லாம் அங்கே உண்டு. குற்றவாளியாகவும் வழிப்போக்கராகவும் நடிப்போரும் உண்டு. பேர்பேர்னின் வீட்டில் இருளிலிருந்து எழுந்த உருவத்தை நோக்கி மாணவன் சுட்டான். இந்நகரில் கதவைத் திறந்துகொண்டு வருபவர் கையில் துப்பாக்கி இருக்கலாம், பணப்பை இருக்கலாம், ஒன்றுமில்லாதும் இருக்கலாம். வெறுங்கையரைச் சுட்ட மாணவன், மற்ற எல்லா இலக்குகளையும் தப்பாது அடித்திருந்தாலும், அன்றைய பாடத்தில் தோற்றவனே.